காம்பு மிஞ்சும் வரை

ஆறு பாடம். பத்தொன்பது நாள்.
முதல் அட்டவணை போடவே
ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று.
இயற்பியலுக்கு நீலம், வேதியியலுக்கு ஊதா,
சாப்பாட்டுக்குக்கூட ஒரு மஞ்சள் கட்டம்.
சர்ச் காலண்டரின் பின்பக்கத்தில்
அத்தனை அழகாய் இருந்தது.
அதற்குள் வாழ்கிற பிள்ளை
நாலரைக்கு எழும்பிப் பல்லும் தேய்த்திருப்பாள்.
நான் எழும்பியது ஆறேகாலுக்கு.

திங்களன்று கடையாலுமூடு பஸ் வரவில்லை.
செவ்வாய் கரண்ட் இல்லை.
புதனன்று பழைய பாக்கியும் சேர்ந்து
ஒரே ராத்திரியில் பதினொரு மணிநேரம்
படிக்க வேண்டியிருந்தது.
இங்கிலீஷை எடுத்தேன்.
தெரிந்ததையே திரும்பப் படிப்பது
சொந்த வீட்டுக்கே விருந்துக்குப் போவதுபோல;
வயிறு நிறையும்,
ஓரிடமும் போயிருக்க மாட்டோம்.

சுபிஜா ஆறுநாளும் கணக்கு மட்டுமே போட்டாள்.
ஏழாம் நாள் உயிரியலைத் திறந்தால்
அது அவளை, என்றோ கூடப் படித்தவள்
பஸ்ஸில் பார்ப்பதுபோல் பார்த்ததாம்.

அம்மா பால்வெட்டுகிற தோட்டம் இரண்டு.
ஒருநாள் மேலது, மறுநாள் கீழது.
ஒரே பட்டையை நாள்தோறும் கீறினால்
மரமே மரத்துப்போகும்.
பொன்மனையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.
எனக்கும் தெரியும்.
ஆனாலும் அன்று
நாற்பதாம் மரத்தடியில்
வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

கணக்கு, உயிரியல், தமிழ் ஒருநாள்.
மற்ற மூன்றும் மறுநாள்.
காலையில் மரத்துக்கு ஒரு கேள்வி.
சிரட்டையை எடுத்து, பாலை ஊற்றி, வழித்து,
திரும்ப வைப்பதற்குள் பதில்.
புத்தகம் வீட்டில் கிடக்கிறது;
ஏமாற்ற வழியில்லை.
வராத கேள்விக்குத்
தானாய் முளைத்த கன்றில் ஓர் இலை பறித்துப்
பைக்குள் போடுவேன்.
முதல்நாள் நூற்றுப்பத்து மரம், அறுபத்தேழு இலை.
"ஆடு எப்போ வாங்கின, பிள்ளே?" என்றாள் அம்மா.

ரப்பரில் ஒரு காம்புக்கு மூன்று இலை.
ராத்திரி படித்துப் புத்தகத்தை மூடி
பார்க்காமல் எழுத வந்தால் ஒன்றைக் கிள்ளுவேன்.
மூன்றுநாள் கழித்தும் வந்தால் இரண்டாவது.
அடுத்த வாரமும் நின்றால் மூன்றாவது.
நடுவில் மறந்தால்
புது இலை, முதலிலிருந்து.
காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில்
காம்புகள் சேரத் தொடங்கின.

ஃபார்மிக் அமிலம்
டாலன்ஸ் வினைப்பொருளை ஏன் ஒடுக்குகிறது?
பால் உறைய ஆசிட் ஊற்றும் டிஷ்ஷருகே
தினமும் மூக்கெரிய நிற்கிறவள் நான்.
அதற்கே மூன்றுமுறை இலை பறித்தேன்.
நெடி தெரியும், காரணம் தெரியாது.
இரண்டும் ஒன்றென்று
இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

இப்போது அட்டவணையில் நிறமில்லை.
பால்கணக்கு நோட்டின் கடைசித் தாளில்
தேதி, பாடம், எத்தனை இலை.
வாரத்துக்கு ஒரு கட்டம் சும்மா விட்டு
'மழை' என்று எழுதியிருந்தேன்.
முடியாத பாடங்கள் அங்கே ஒதுங்கட்டும்.

டிசம்பர் மூன்றாம் தேதி
மழை நிஜமாகவே வந்தது.
ஒருநாள் கேட்டால் மூன்றாகத் தந்தது.
ஸ்கூல் இல்லை.
பிளாஸ்டிக் கட்டாத மரங்கள்; வெட்டும் இல்லை.
வெட்டில்லாத நாளுக்குக் கூலியில்லை.
அம்மா கத்தியைத் தீட்டினாள், துடைத்தாள்,
மறுபடியும் தீட்டினாள்,
பிறகு கட்டிலில் கிடந்து ஓட்டைப் பார்த்தாள்.
அவள் காலடியில் உட்கார்ந்து
மின்காந்தத் தூண்டல் முழுவதையும் முடித்தேன்.
நோட்டின் முன்பக்கத்தில் மூன்று பூஜ்யம்.
பின்பக்கத்தில் இருபத்தொன்பது காம்பு.
ஒரே நோட்டு.
இதை வரவென்று எழுதக் கை வரவில்லை.

நாளை முதல் பரீட்சை, தமிழ்.
இன்னும் ஒன்பது இலை கிள்ளாமல் கிடக்கிறது.
ஒன்றுகூடத் தமிழில்லை;
வியாழன்வரை காத்திருக்கும்.
வானம் வெளுத்துவிட்டது.
அம்மா ஹெட்லைட்டைச் சார்ஜில் போட்டிருக்கிறாள்.
விடிந்தால் மேலத் தோட்டம்.

ஒன்பது இலையையும் நோட்டுக்குள் வைத்து மூடி
லைட்டை அணைக்கிறேன்.